பத்து பத்துக்குத் திருப்பாத கடிகாரம்

பாதி உடம்பு செயலிழந்துகொண்டிருந்த ஒரு பெண்மணியின் முன்னால் குனிந்து, முகம் கொள்ளாத புன்னகையோடு, "எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் மேடம்?" என்று கேட்ட மனிதன் சென்னையில் ஒருவன்தான் இருக்க முடியும். அவன் நான்தான். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அந்தக் கேள்வி என் குரலிலேயே காதில் விழும். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்ப்பேன். வெண்டைக்காய்க்கும் அந்தச் சம்பவத்துக்கும் என்ன தொடர்பு என்று என் மனைவி கேட்பதை நிறுத்திவிட்டாள்.

கைக்கடிகாரக் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். தட்டை எப்படி ஏந்துவது, கண்ணாடியில் விரல் படாமல் எப்படி எடுப்பது, 'வேண்டாம்' என்று சொல்லும் வாடிக்கையாளரை எப்படி 'யோசிக்கிறேன்' வரைக்கும் கொண்டுவருவது என்பதெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்த வகுப்பில் கற்றதை ஒரு வரி விடாமல் கடைப்பிடித்து, ஒரு மனுஷியைக் கிட்டத்தட்ட வழியனுப்பி வைக்கப் பார்த்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பாண்டி பஜாரில் இருந்தது எங்கள் கடை. நான் மேலாளர். வாசலுக்கு நேர் எதிரே, எல்லார் கண்ணிலும் படும்படியாக, பெண்களுக்கான மெல்லிய கடிகாரங்களின் கவுன்ட்டர். உங்களுக்கே தெரியும்: தங்க நிற வட்டம், பால் வெள்ளை டயல், ரோமன் எழுத்தில் எண்கள், தலைமுடி போல இரண்டு முள், வளையலுக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் முடிவெடுக்க முடியாமல் நின்றுவிட்ட மாதிரி ஒரு செயின். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையோடு கட்டுவார்கள். அதில் யாரும் மணி பார்ப்பதில்லை. மணி பார்க்கப் பையில் போன் இருக்கிறது. கடையிலேயே எடை குறைந்த சரக்கு அதுதான். கட்டிவிட்டால் கட்டியதே தெரியாது என்று நான் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதில் பொய் இல்லை. என் தொழில் வாழ்க்கையில் பொய்யில்லாமல் சொன்ன சொற்பமான வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

கவுன்ட்டரில் இருக்கும் எல்லாக் கடிகாரமும் பத்து மணி பத்து நிமிடம் காட்ட வேண்டும். முட்கள் இரண்டும் கை தூக்கி வரவேற்கிற மாதிரி இருக்கும், நடுவில் கம்பெனிப் பெயரும் மறையாது. பக்கவாட்டுக் குமிழை வெளியே இழுத்து வைத்திருப்போம். பேட்டரி செலவாகாது, முள்ளும் நகராது. யாராவது கட்டிப் பார்க்கக் கேட்டால், நம் போனைப் பார்த்துச் சரியான நேரம் வைத்து, குமிழை அழுத்தி, ஓடவிட்டுத்தான் கையில் கொடுக்க வேண்டும். செத்த கடிகாரத்தை யார் கையிலும் கட்டக்கூடாது என்பது கம்பெனி விதி. திரும்ப வாங்கியதும் குமிழை இழுத்து, முள்ளை மறுபடி பத்து பத்துக்குத் திருப்பி, உள்ளே வைக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியில் நான் ஹிட்லர். எத்தனையோ கடிகாரங்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் மூன்றேகால் காட்டினால் எனக்கு ரத்தம் கொதிக்கும். அன்று காலைகூட, ராயப்பேட்டையிலிருந்து வரும் ஷபானா என்கிற விற்பனைப் பெண்ணை அதற்காக எல்லார் முன்னாலும் விளாசியிருந்தேன். எதையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிற பெண். அதனாலேயே இன்னும் கொஞ்சம் விளாசினேன்.

எனக்கு அன்று வேறொரு கவலையும் இருந்தது. மிஸ்டரி ஷாப்பர் என்று ஒரு ஜாதி உண்டு. தலைமை அலுவலகம் காசு கொடுத்து அனுப்பும் போலி வாடிக்கையாளர். சாதாரண ஆள் மாதிரி வருவார், வேண்டுமென்றே எரிச்சல் மூட்டுவார், நாம் முகம் சுளித்தோமா, கடைசியில் நட்சத்திரக் கேள்வியைக் கேட்டோமா என்று பார்த்து எழுதி அனுப்புவார். அந்த வாரம் ஒருவர் வரப்போவதாக அடையாறு கிளையிலிருந்து தகவல் கசிந்திருந்தது. அங்கே போனவர் கசங்கிய சட்டையோடு ஏழையாட்டம் போய் நின்றாராம், நாற்காலி போடவில்லையாம், மேலாளரை மாற்றிவிட்டார்களாம். அதிலிருந்து கசங்கின சட்டை எதைப் பார்த்தாலும் நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. பின்னறையில் தயிர்சாதத்தை முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவன், கவுன்ட்டர் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளைப் பார்த்ததும் அப்படியே நின்றேன். அறுபது வயதிருக்கும். நைந்த வாயில் புடவை, இடுப்பில் செருகிய கொசுவம், காலடியில் ஒயர் கூடை, நெற்றியில் ரூபாய் அகலத்துக்குப் பொட்டு. முழங்கைக்குக் கீழே ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டு மினுங்கியது. அந்தச் செதிலைப் பார்த்ததும் எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. தலைமை அலுவலகம் இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்யும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஷபானாவை ஒதுங்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். "நான் பார்த்துக்கறேன்" என்று அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டேன். கைகூப்பி வணக்கம் சொல்லி, தண்ணீர் கொடுத்து, சொந்த உபயோகமா, பரிசளிக்கவா என்று விதிப்படி கேட்டேன்.

"எனக்குத்தான். ஏன் நைனா, நான்லாம் கட்டக்கூடாதா?"

ஆஹா, என்றது என் மனது. பாடப்புத்தகத்தில் இருக்கிற கேள்வி. கண்ணாடியைத் திருப்பி வைத்து, நானே எடுத்த இன்னொரு கடிகாரத்தை அவர் இடது மணிக்கட்டில் பூட்டினேன். கை மேசைமேல் கிடந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா சார் இது, மீன் கூடை கணக்கா கனமா கீது. கை தூக்கவே வர்ல."

கடையிலேயே எடை குறைந்த சரக்கு என்று சொன்னேன் அல்லவா? அதைத்தான் கனம் என்கிறார். நியாயமில்லாத குறையைச் சொல்லும் வாடிக்கையாளரிடம் வாதாடக்கூடாது, ஒத்துக்கொண்டு மாற்று காட்ட வேண்டும் என்பது விதி. "ரொம்ப நுணுக்கமா கவனிச்சிருக்கீங்க மேடம்" என்றேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் நான் காதைப் பொத்திக்கொள்கிறேன். இன்னும் மெல்லியதாக ஒன்று எடுத்துக் கட்டினேன். அவர் டயலையே உற்றுப் பார்த்தார்.

"இந்தாண்ட நெம்பரே போடலியா?"

பன்னிரண்டு எண்ணும் பளிச்சென்று இருந்த டயல் அது. வலப்பக்கத்தை விரலால் தொட்டு, இங்கே கீது என்றார். இடப்பக்கத்தைத் தொடவில்லை, அங்கே ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி பேசினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருடைய நடிப்பை ரசித்தேன். அடையாறில் வெறும் கசங்கிய சட்டை. நமக்கு எவ்வளவு உயர்ந்த தேர்வு வைத்திருக்கிறார்கள் என்று பெருமைகூடப் பட்டேன். எண்கள் பெரிதாக இருக்கும் மூன்றாவது கடிகாரத்தை எடுத்தேன். அதிலும் பாதி இல்லை என்றார். சொல் கொஞ்சம் குழறியது. வெற்றிலை போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கதாபாத்திரத்துக்குப் பொருத்தம்.

பிறகு நாற்காலியில் மெல்லச் சரிந்து சாய்ந்தார். வாங்குகிற எண்ணம் இல்லை, கிளம்பப் போகிறார் என்று தோன்றியது. நட்சத்திரக் கேள்வியைக் கேட்காமல் ஆளை விட்டால் வேலை போய்விடும். குனிந்தேன். புன்னகைத்தேன். கேட்டேன்.

அவர் சிரிக்க முயன்றார். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது. இன்னொரு பக்கம் யாருடைய முகமோ மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நொடியை உங்களுக்கு எப்படிச் சொல்வது? மாடிப்படி இன்னொன்று இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, இல்லாமல் போய்விடுமே, அப்படி. கனமான கை, பாதியில்லாத டயல், குழறிய சொல் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து என்மேல் விழுந்தன. மூன்று தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு தடவை வேறு கடிகாரம் காட்டியிருக்கிறேன், மூன்றாவது தடவை நட்சத்திரம் கேட்டிருக்கிறேன்.

ஆம்புலன்ஸை அழைத்தது ஷபானாதான். நான் தண்ணீரை நீட்டிக்கொண்டு நின்றேன். "சார், இந்த நேரத்துல தண்ணி கொடுக்கக்கூடாது, புரையேறிடும்" என்று வாசலில் நின்ற யாரோ ஒருவர் அதட்டினார். கூடையில் பட்டன் போன் ஒன்று இருந்தது. அதில் 'மருமவ' என்று இருந்த எண்ணைக் கூப்பிட்டுச் சொன்னோம். அந்த அம்மாள் பெயர் கஸ்தூரி என்பதும், பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவர் என்பதும், ஆக மீன் செதில் மீன் செதிலேதான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நானும் கூட ஏறிக்கொண்டேன். வண்டிக் கதவு மூடும்போது என் வாய் தன் பழக்கத்தில் ஷபானாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னது: "கவுன்ட்டர் அலங்கோலமா கெடக்கு பாரு, ஒழுங்குபண்ணி வை."

தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் வண்டி ஊர்ந்து, ஸ்கேனுக்கும் வரிசையில் காத்து, தலையைப் படம் எடுத்து முடிக்கும்போது மணி நாலைத் தாண்டிவிட்டது. பணியிலிருந்த டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, கரைக்க ஊசி மருந்து இருக்கிறது, ஆனால் கோளாறு ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்றார். எப்போது ஆரம்பித்தது என்று என்னைக் கேட்டார்.

"வந்ததுலேருந்தே கை கனமா இருக்குன்னு சொன்னாங்க டாக்டர்."

"அப்படின்னா கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கலாம். கடைசியா நல்லா இருந்ததை யார் பார்த்தது, எப்போ? அதுலேருந்துதான் நான் கணக்கு வைக்க முடியும்."

மருமகள் ரேவதி அதற்குள் ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்திருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. அத்தை விடியறதுக்கு முன்னாடியே மீன் எடுக்கப் போய்விட்டது, அப்போது பார்த்ததுதான் என்றாள். வியாபாரம் முடித்து நேராக பஸ் ஏறி தி.நகர் வந்திருக்கிறார், நடுவில் யார் பார்த்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. விடியற்காலையிலிருந்து கணக்கு வைத்தால் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. மருந்து கிடையாது. இடது கையும் காலும் அப்படியே கிடக்க வேண்டியதுதான். கூடை தூக்கிப் பிழைக்கிற குடும்பம். ரேவதியின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன் என்பதை அவள் சொல்லவில்லை, பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், உங்க கடைல நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லு சார். எதுனா ஒரு டைம் சொல்லு. நீ சொன்னா போட்டுடுவாங்க சார்."

எதையாவது சொல்வதுதான் என் தொழில். முப்பது வருஷமாக நாக்கு அதற்கென்றே வளர்க்கப்பட்டிருக்கிறது. 'ஒரு மணிக்கு நல்லாத்தான் இருந்தாங்க டாக்டர்' என்கிற வாக்கியம் வாயின் ஓரத்தில் வந்து நின்றேவிட்டது. டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். அந்த மாதிரி முகங்களை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும்.

"தப்பான நேரம் சொன்னீங்கன்னா அந்த மருந்தே மூளைக்குள்ள ரத்தத்தைக் கசிய விட்டுடும். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க."

"தெரியலை" என்றேன். விற்பனைத் தொழிலுக்கு வந்தபிறகு அந்தச் சொல்லை நான் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை. ரேவதி என் கையை விட்டுவிட்டாள்.

அந்தச் சொல்லைச் சொல்லிய பிறகுதான் மூளை வேலை செய்தது. வந்ததிலிருந்தே என்று சொன்னேனே, அவர் வந்ததை நான் எங்கே பார்த்தேன்? நான் தயிர்சாதத்தில் இருந்தேன். நான் வெளியே வந்தபோது அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், ஷபானா தட்டோடு நின்றிருந்தாள், என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். கடையில் கேமரா உண்டு, பதிவைத் திறக்கிற ரகசிய எண் தலைமை அலுவலகத்தில் ஒருவரிடம் உண்டு. அவர் ஞாயிற்றுக்கிழமை போனை எடுப்பதில்லை, அன்றும் எடுக்கவில்லை. ஷபானாவைக் கூப்பிட்டேன்.

அவள் சொன்னாள்: நான் வருவதற்கு முன்னால் அந்த அம்மா ஒரு கடிகாரம் கட்டிப் பார்த்தார். கொக்கியைத் தானே பூட்டினார். கண்ணாடி முன்னால் இரண்டு கையையும் தூக்கிக் கொண்டையைச் சரிசெய்துகொண்டார், சமையல் செய்கிற கையில்தான் தங்கம் எடுப்பாக இருக்கும் என்று கிண்டலடித்தார், தானே கழற்றிக் கொடுத்தார். நல்லாத்தான் இருந்தாங்க சார் என்றாள். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். சாப்பாட்டு நேரம் சார், பன்னிரண்டு இருக்கும், ஒரு மணியும் இருக்கலாம் என்றாள். நாலரை ஆகப்போகிறது: பன்னிரண்டு என்றால் கெடு முடிந்தது, ஒன்று என்றால் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. ஒரு கடை நிறையக் கடிகாரம், மணி என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாதபடி பார்த்துக்கொண்டது நான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. அந்த முதல் கடிகாரம்! அதில் அவள் சரியான நேரம் வைத்து ஓடவிட்டிருப்பாள். கழற்றி வாங்கியதும் குமிழை இழுத்திருப்பாள். இழுத்த நொடியில் முள் நின்றிருக்கும். அந்த அம்மாள் இரண்டு கையும் நன்றாக இருந்த கடைசி நொடி அந்த டயலில் அப்படியே இருக்கும். பத்து பத்துக்குத் திருப்பாமல் இருந்தால்.

"ஷபானா, அந்த முதல் வாட்ச். அதை என்ன செஞ்சே?"

போனில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஒழுங்குபண்ணி வை என்று வண்டியிலிருந்து நானே கத்தியது காதில் விழுந்தது. காலையில் எல்லார் முன்னாலும் விளாசியதும் சேர்ந்து விழுந்தது. சொன்னதைச் செய்கிற பெண். நான் அப்படித்தானே பழக்கியிருந்தேன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சார், திட்டாதீங்க" என்றாள். அழுதுகொண்டிருந்தாள். "அந்தம்மா உக்காந்த எடத்தாண்ட போகவே முடியல. நீங்க சொன்னத இன்னும் செய்யல. எல்லாம் தட்டுலயே கெடக்குது. இப்போ மாத்திடறேன் சார்."

"தொடாதே" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் வரிசையில் இருந்த குளுகோஸ் பாட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அதுல மணி என்ன? பார்த்துச் சொல்லு."

பன்னிரண்டு ஐம்பத்திரண்டு என்றாள். படம் எடுத்தும் அனுப்பினாள். வெள்ளை டயலில் இரண்டு மெல்லிய முள். டாக்டரிடம் காட்டினேன், குமிழ் விவகாரத்தை விளக்கினேன். அவர் ஷபானாவிடம் போனில் தானே பேசினார். கை தூக்கினாங்களா, ரெண்டு கையுமா, பேச்சு தெளிவா இருந்துச்சா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இந்த வாட்ச் கரெக்டான டைம் காட்டுமா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் நான் விற்ற எந்தப் பெண்கள் கடிகாரத்தைப் பற்றியும் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. செயின் கறுக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். போனைப் பார்த்து வைத்த நேரம், கட்டியிருந்தது சில நிமிடம்தான், தப்பாக வழியில்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். மருந்து ஏறியது.

உங்களுக்கு ஏதாவது பாடம் சொல்ல வேண்டுமே. விதிகளை மீறுங்கள் என்று சொன்னால் நாளைக்கே உங்கள் மேலாளர் என்னைத் தேடி வருவார். இவ்வளவுதான் சொல்வேன்: எதிரே இருப்பவர் சொல்கிற குறை அபத்தமாக இருந்தால், அவர் கட்டியிருப்பதைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் முகத்தைப் பாருங்கள். நான் கைகளைப் பார்த்துப் பார்த்தே பழகியவன், முகம் என்று ஒன்று மேலே இருப்பதை மறந்துவிட்டேன். அப்புறம், 'தெரியலை' என்று சொல்லிப் பழகுங்கள். நான் சொல்ல வந்த ஒரு மணி உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது குருட்டு அதிர்ஷ்டம், தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. ஷபானாவிடம் மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை சார் என்று சொல்லிவிட்டு, அந்தக் கடிகாரத்தை எடுத்து என் கண்ணெதிரிலேயே பத்து பத்துக்குத் திருப்பி வைத்தாள்.

கொஞ்ச நாள் கழித்து கஸ்தூரி அம்மா ரேவதியோடு கடைக்கு வந்தார். இடது கால் லேசாக இழுத்தது, இடது கை கொஞ்சம் யோசித்துவிட்டு வேலை செய்தது, ஆனால் வேலை செய்தது. ஒயர் கூடையை அந்தக் கையில்தான் மாட்டியிருந்தார். ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதற்குள் இந்தக் கதையை டீக்கடை, சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு, கீழ்வீட்டு வாட்ச்மேன் என்று பல அரங்குகளில் நிகழ்த்தியிருந்தேன். ஒவ்வொரு தடவையும் என் பங்கு சற்று வளர்ந்திருந்தது. வெல்வெட் தட்டில் அந்தக் கடிகாரத்தை வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். "இதுதாம்மா அது" என்றேன்.

அவர் தட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"இத்தையா? அன்னிக்கே எனக்கு இது புடிக்கல நைனா. வாட்ச்சு வாங்கவா வந்தேன்? வெயிலு மண்டையப் பொளந்துச்சு, உன் கடைல ஏசி ஜில்லுனு கீதேன்னு பூந்தேன்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார். "இன்னிக்கி இன்னா, கம்மியா வெச்சிக்கீற?"